பங்குனியில் புங்கன் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது?

பாப்பாரப்பட்டிப் பக்கம் எங்கள் நிலத்தில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. அறுபது அடி ஆழம். பக்கத்தில் ஆழ்துளைப் போர் போட்ட பிறகு அது வறண்டு பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. படியில் இறங்கினால் முதலில் செம்மண், அப்புறம் மொரம்பு, அதற்கும் கீழே பாறை. பாறையில் ஒரு விரிசல். அந்த விரிசலிலிருந்து ஒரு வேர் வெளியே வந்து, சுவரோடு ஒட்டிக் கொஞ்ச தூரம் இறங்கி, மறுபடியும் இன்னொரு விரிசலுக்குள் புகுந்துவிடுகிறது. வெளியே கட்டைவிரல் தடிமனில் உருண்டையாக இருக்கும் அந்த வேர், பாறைக்குள் நுழையும் இடத்தில் பட்டை அடித்தது போலத் தட்டையாகிவிடுகிறது. மேட்டில் நிற்கும் புங்கனின் வேர் அது. போன பங்குனியில் இறங்கியபோது நகத்தால் அதன் தோலைக் கீறிப் பார்த்தேன். உள்ளே ஈரம். கிணற்றின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மேலே ஏறி வந்தால் அதே புங்கன் தளதளவென்று புதுத்தளிர் விட்டு நிற்கிறது. மாசியில் இலையைக் கொட்டிவிட்டு, வெயில் ஏறும் பங்குனியில், மழைக்கு இன்னும் ஒரு மாதமாவது இருக்கும்போது, எண்ணெய் தேய்த்தது போல மின்னும் இலைகள். வேம்பும் அப்படித்தான். யுகாதிப் பச்சடிக்கும் சித்திரைப் பிறப்புக்கும் நாம் பறிக்கிற வேப்பம்பூ, வருடத்திலேயே மண் மிகவும் காய்ந்து கிடக்கும் நாட்களில் பூக்கிறது. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் காட்டுக்குள் போனாலும் இதே காட்சிதான். இலை உதிர்த்துச் சாம்பல் நிறத்தில் நிற்கும் மரங்களுக்கு நடுவே, மழை வரும் முன்பே சில மரங்கள் துளிர்த்துவிடுகின்றன.

"மரம் இப்படிப் பச்சையா நிக்குதுன்னா கீழ ஊத்து இருக்குதுன்னு அர்த்தம்ப்பா. இங்கயே இன்னொரு போர் போடலாம்" என்றார் பெரியப்பா. நீரோட்டம் பார்க்க வருகிறவர்களும் மரத்தைப் பார்த்துத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். பல வருடம் நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் வறண்ட கிணற்றின் சுவரில் ஈரமாக ஓடிய அந்த வேர், மரத்தின் தண்ணீரும் மோட்டாரின் தண்ணீரும் ஒன்றுதானா என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத் தண்ணீரின் எடையைப் பார்க்கும் ஒரு முறை உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் மாவட்டங்களுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

வேரைத் தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரியாது. வேர் ஓர் இடத்தில் இருக்கிறது என்பதற்காக அது அங்கே குடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரே மரம் ஐப்பசியில் மேல்வேரால் உறிஞ்சும், மாசியில் ஆழ்வேருக்கு மாறும். மரத்துக்குள் ஏறி வந்த தண்ணீரையே பிடித்து நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்டால்தான் உண்டு. அதற்குத் தண்ணீரில் ஒரு அடையாளம் இருக்க வேண்டும். இயற்கையாகவே இருக்கிறது.

தண்ணீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். ஹைட்ரஜனில் சாதாரண வகையோடு, இரு மடங்கு எடையுள்ள டியூட்டீரியம் என்ற வகையும் உண்டு. ஹெரால்டு யூரே 1931இல் இதைக் கண்டுபிடித்து 1934இல் நோபல் பரிசு பெற்றார். ஆக்சிஜனில் 16 என்ற எடை எண் கொண்டதுதான் பெரும்பான்மை. 18 எடை எண் கொண்டதும் கொஞ்சம் கலந்திருக்கும். கடல்நீரில் பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்களை எடுத்தால் சுமார் 156 டியூட்டீரியம். பத்து லட்சம் ஆக்சிஜன் அணுக்களில் ஏறக்குறைய 2,000 கனமானவை. இவை கதிர்வீச்சு இல்லாதவை, காலத்தால் சிதையாதவை. அதனால்தான் எடை மாறுபட்ட இந்த வகைகளை நிலையான ஐசோடோப்புகள் என்கிறார்கள். நாம் தினமும் குடிக்கிற தண்ணீரில் இருப்பவைதான், பயப்பட ஒன்றுமில்லை.

கனத் தண்ணீரும் லேசான தண்ணீரும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. லேசானது முந்திக்கொண்டு கிளம்பும், கனமானது தயங்கும். குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதுபோல வெயிலில் கிடக்கும் ஏரித் தண்ணீரில் கனமானவற்றின் பங்கு ஏறிக்கொண்டே போகும். உப்பு அப்படியே தங்கிவிடும், கனத் தண்ணீரோ மெதுவாகவாவது கிளம்பிப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். மேகத்தில் இது தலைகீழாக நடக்கும். மழையாக விழும்போது கனமானது முதலில் இறங்கிவிடும். மேகம் பொழிந்துகொண்டே நகர்ந்தால் கடைசியில் அதில் மிஞ்சுவது லேசான தண்ணீர். இந்த வேறுபாட்டைக் கடல்நீரோடு ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூடுதல் அல்லது குறைவு என்று எழுதுவது வழக்கம். பெரும்பாலான மழைநீருக்கு இந்த எண் சுழிக்குக் கீழேதான் இருக்கும்.

1961இல் ஹார்மன் கிரெய்க் என்பவர் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த மழை, ஆற்று நீர் அளவுகளை ஒரே வரைபடத்தில் குறித்தார். அவை கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் விழுந்தன. டியூட்டீரியத்தின் எண், ஆக்சிஜன் எண்ணைப் போல 8 மடங்கு, கூட்டல் 10. ஆவியாகிச் சுண்டிய தண்ணீர் மட்டும் இந்தக் கோட்டிலிருந்து ஒரு பக்கமாக விலகிப் போகும். ஆக, ஒரு சொட்டைக் கொடுத்தால் அது எப்படிப்பட்ட மழையிலிருந்து வந்தது, விழுந்த பிறகு வெயிலில் கிடந்ததா என்ற இரண்டு செய்திகளை அது சொல்லிவிடும்.

நம் மாவட்டங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வருடத்துக்கு 800-900 மில்லிமீட்டர் அளவில் மழை. கடலோர மாவட்டங்களைப் போல ஐப்பசி கார்த்திகையை மட்டும் நம்பிய பூமி இல்லை இது. மா மரத்தில் காய் இருக்கும்போது இடியோடு கொட்டும் கோடை மழை, அப்புறம் தென்மேற்குப் பருவம், அதன் பின்னால் வடகிழக்குப் பருவம் என்று மூன்றிலும் நமக்குப் பங்கு உண்டு. தென்னிந்தியாவில் இதுவரை செய்த அளவீடுகளில், வடகிழக்குப் பருவ மழை தென்மேற்கு மழையைவிட லேசாக இருக்கிறது. கங்கை, பிரம்மபுத்திரா போன்ற பேராறுகள் வங்கக் கடலின் மேற்பரப்பில் லேசான நீரைக் கலக்கின்றன. புயல் சின்னங்கள் வழியெல்லாம் கொட்டிக்கொண்டே வருவதால் மிஞ்சுவது இன்னும் லேசாகிவிடுகிறது. நாட்டின் மழை, ஆறு, நிலத்தடி நீர் எல்லாவற்றின் ஐசோடோப்பு அடையாளத்தையும் பதிவு செய்ய அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வுக்கூடம் முன்னின்று ஒரு தேசியத் திட்டத்தையே நடத்தியது. இரண்டு பருவ மழைக்கும் இரண்டு முத்திரை இருக்கிறது என்றால், பங்குனியில் தளிர்க்கும் புங்கனிடம் ஒரு நல்ல கேள்வி கேட்கலாம். நீ குடிப்பது போன கார்த்திகை மழையா, அதற்கும் முந்தைய ஆவணி மழையா?

மண்ணுக்குள்ளும் இந்த முத்திரைகள் அடுக்கடுக்காக இருக்கும். மேல் அரையடி வெயிலில் சுண்டிக் கனமாக இருக்கும். கீழே போகப் போக லேசாகி, ஓர் ஆழத்துக்குப் பிறகு எண் பெரிதாக மாறாது. இந்த முறை முழுவதும் நிற்பது ஓர் உண்மையின் மேல்தான். வேர் தண்ணீரை உறிஞ்சும்போது கனம், லேசு என்று பிரித்துப் பார்ப்பதில்லை, இருப்பதை இருக்கிறபடியே ஏற்றிக்கொள்கிறது. 1960களிலேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள். உப்பு நீரில் வாழும் அலையாத்தி போன்ற சில தாவரங்கள் டியூட்டீரியத்தில் இந்த விதியை மீறுகின்றன. நம் காட்டு மரங்களில் அந்தச் சிக்கல் பெரிதாக எழாது. எனவே அடிமரத்திலும் கிளையிலும் ஓடும் தண்ணீரின் எண்ணை மண்ணின் ஒவ்வொரு ஆழத்தின் எண்ணோடும் கிணற்று நீரின் எண்ணோடும் பொருத்திப் பார்த்தால் மரம் எங்கே வாய் வைத்திருக்கிறது என்று தெரியும்.

மாதிரி எடுக்கும் வேலை பார்க்க எளிது, ஆனால் பொறுமை வேண்டும். பச்சைக் குச்சி எடுக்கக் கூடாது. இலைக்கு அருகில் இருக்கும் இளந்தண்டில் தண்ணீர் ஏற்கெனவே ஆவியாகிக் கனமேறியிருக்கும். பட்டை முற்றிப் பழுப்பான, விரல் தடிமனுள்ள கிளையைக் கத்தரிக்க வேண்டும். உடனே பட்டையைச் சீவி எறிந்துவிட வேண்டும், ஏனென்றால் பட்டையில் ஓடுவது இலையிலிருந்து இறங்கி வரும் சாறு. நமக்கு வேண்டியது வேரிலிருந்து ஏறிய தண்ணீர் நிற்கும் உள்கட்டை. அதை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூடியைத் திருகி, மேலே மெழுகு நாடா சுற்றி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். இதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பங்குனி வெயிலில் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் அது காய்ந்து, கிடைக்கும் எண் நம் தாமதத்தின் எண்ணாகிவிடும். ஆய்வகத்தில் குச்சியைச் சூடாக்கி, வெற்றிடத்தில் நீராவியை இழுத்து, திரவ நைட்ரஜன் குளிரில் உறைய வைத்துச் சேகரிக்கிறார்கள். சில சொட்டுத் தண்ணீர் கிடைத்தால் போதும்.

இப்படிச் செய்த ஆய்வுகளில் என்னை மிகவும் உலுக்கியது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்தது. டாட் டாசன், ஜேம்ஸ் எலரிங்கர் இருவரும் மலையோடை ஒன்றின் கரையில் நின்ற மரங்களைச் சோதித்தார்கள். முடிவு 1991இல் வெளிவந்தது. ஓடைக்கு மிக அருகில் நின்ற வளர்ந்த மரங்கள் ஓடைத் தண்ணீரைத் தொடவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகக் குடித்தன. அவற்றின் கிளைகளில் இருந்தது கீழே ஆழத்தில் கிடந்த வேறு தண்ணீர். கரையோரச் சின்ன மரங்கள்தான் ஓடையை நம்பியிருந்தன.

இதைப் படித்ததிலிருந்து ஒகேனக்கல்லில் நீர்மருதுகளைப் பார்க்கும்போதெல்லாம் நின்றுவிடுகிறேன். பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குள் நுழைந்து அருவியாக விழும்வரை, காவிரியின் இரு கரையிலும் வெள்ளைப் பட்டையோடு நிற்கும் பிரம்மாண்டமான மருத மரங்கள். நரை அணில் கூடு கட்டுவது இந்த மாதிரி ஆற்றங்கரை மரங்களில்தான். இந்தக் காட்டைச் சேர்த்துத்தான் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. ஆற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மரம் ஆற்றைத்தான் குடிக்கும் என்று யாரும் கேள்வியே கேட்பதில்லை. ஆனால் காவிரித் தண்ணீருக்கு ஒரு தனி முத்திரை இருக்க வேண்டும். அது குடகில் பெய்த தென்மேற்கு மழை, கிருஷ்ணராஜசாகரில் தேங்கி வெயில் காய்ந்து வந்த தண்ணீர். மேலகிரி மலைச் சரிவில் ஐப்பசியில் பெய்து, பாறை இடுக்கு வழியாக ஆற்றை நோக்கி ஊறி வரும் தண்ணீரின் முத்திரை வேறு. மருதுக் கிளையின் ஒரு துண்டு இந்த இரண்டில் எது என்று சொல்லிவிடும். ஆற்றில் வரத்து குறையும் வருடங்களில் எந்த மரம் தாக்குப்பிடிக்கும், எது காயும் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

யூட்டா ஆய்வுக்கு ஏறக்குறைய இருபது வருடம் கழித்து இன்னும் ஒரு படி ஆழமான கேள்வி வந்தது. ரெனீ புரூக்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆரிகன் மாநிலக் காட்டில் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், மரங்கள் குடித்த தண்ணீரும் ஓடையில் ஓடிய தண்ணீரும் வெவ்வேறாக இருந்தன. வறண்ட கோடைக்குப் பிறகு விழும் முதல் மழை மண்ணின் நுண்துளைகளில் புகுந்து இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. அதன் பின் வரும் மழை பெரிய துளைகள் வழியாக அதைத் தாண்டி ஓடிவிடுகிறது. ஒட்டிக்கொண்டதை அடுத்த கோடையில் மரம் குடிக்கிறது, தாண்டி ஓடியது ஓடைக்குப் போகிறது. நன்றாகப் பிழிந்த துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டுக்கூட விழாது, ஆனால் துண்டு ஈரம்தான். அந்த ஈரத்தை மோட்டார் இழுக்காது, வேர் இழுக்கும். எல்லாக் காடுகளிலும் இந்தப் பிரிவு இவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை என்று பின்னால் வந்த பல ஆய்வுகள் வாதாடுகின்றன. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. என் பார்வையில், ஈரமும் ஊற்றும் ஒன்றில்லை என்பதை ஒத்துக்கொள்ள நமக்கு அந்தச் சண்டை முடிய வேண்டியதில்லை. வறண்ட கிணற்றில் ஈர வேரைக் கண்ணால் பார்த்தாயிற்று.

நம் நிலத்தில் அந்தப் பிழிந்த துண்டு எங்கே இருக்கிறது? போர் போட்ட எல்லோருக்கும் விடை தெரியும். ரிக் வண்டி வந்து ஓட்டினால் முதலில் மண், பிறகு மொரம்பும் பொரிந்த பாறையும், அதுவரைக்கும் துளை சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்குவார்கள். கெட்டிப் பாறை வந்ததும் கேசிங் நின்றுவிடும். "எத்தனை அடி கேசிங் இறங்குச்சு?" என்று ஊரில் ஒருவரை ஒருவர் விசாரிப்பது பணக் கணக்குக்காக. ஆனால் அந்த எண்தான் மரத்தின் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு ஆழம் என்பதற்கும் ஒரு குறிப்பு. கேசிங் இறங்கிய ஆழம்வரை இருப்பது சிதைந்த பாறை, அதன் நுண்துளைகளிலும் இடுக்குகளிலும் ஈரம் நிற்கும். அதற்குக் கீழே ஆயிரம் அடியில் நம் மோட்டார் தேடுவது கெட்டிப் பாறையின் வெடிப்புகளில் எப்போதோ போய்ச் சேர்ந்த தண்ணீர். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் அதில் ஃபுளோரைடும் அதிகம், அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது.

பாறைக்குள் நிற்கும் ஈரத்தை வெளிநாட்டில் அளந்திருக்கிறார்கள். வடக்குக் கலிபோர்னியாவில் ரெம்பே, டீட்ரிக் இருவரும் ஒரு குன்றில் துளையிட்டுப் பார்த்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு வருட மழையில் 27 விழுக்காடு வரை சிதைந்த பாறையில் தங்கி, மரங்களுக்குப் பயன்பட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மேற்கே பந்திப்பூர் காட்டில் முலேஹோளே என்ற சிறு நீர்ப்பிடிப்பில் இந்திய அறிவியல் கழகமும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் பல வருடமாக மழை, ஓடை, கிணற்று மட்டம் எல்லாவற்றையும் அளந்து வருகிறார்கள். அங்கேயும் நம்முடையது போன்ற பழைய கெட்டிப் பாறைதான் அடியில். நீர்க் கணக்குப் போட்டுப் பார்த்ததில், மரங்கள் மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறை அடுக்கிலிருந்தும் ஆழமாக நீரெடுப்பது தெரிந்தது. வறண்ட வருடங்களில் அந்த அடுக்கு காய்ந்தால், அடுத்து நல்ல மழை வந்தாலும் முதலில் அடுக்கின் பள்ளம் நிரம்ப வேண்டும். அப்புறம்தான் மிச்சம் கீழே போகும். மழை நன்றாகப் பெய்த வருடத்திலும் கிணறு ஏறவில்லையே என்று நாம் புலம்புவதற்கு இது ஒரு காரணம்.

இந்த இடத்தில் தைல மரத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. தளி, ஓசூர் பக்கம் எங்கே போனாலும் அது தண்ணீரை உறிஞ்சிவிட்டது என்ற குற்றச்சாட்டு காதில் விழும். இதற்கு ஆதாரம் ஓசூருக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. கர்நாடகத்தின் ஹொசகோட்டேயில் இயான் கால்டரும் அங்குள்ள வனத்துறை ஆய்வாளர்களும் 1990களில் தைலமரத் தோப்பை அளந்தார்கள். நட்டு மூன்று வருடத்துக்குள் வேர் சுமார் 8 மீட்டர் ஆழம் வரை மண்ணின் ஈரத்தை எடுத்துவிட்டது. அந்த வருடங்களில் பெய்த மழையைவிட மரங்கள் செலவழித்த தண்ணீர் அதிகம். அதாவது முன்பே மண்ணில் சேர்ந்திருந்த சேமிப்பிலிருந்து எடுத்தன. கர்நாடக ஆய்வுகளில் மரத்தின் குடிநீர் அளவைக் கண்டுபிடிக்கவும் இதே டியூட்டீரியம்தான் உதவியது. அடிமரத்தில் சிறு துளைகள் போட்டுக் கனநீரை ஊசியால் செலுத்துவார்கள். கிளைகளில் இலையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பை கட்டிவிடுவார்கள். இலை விடும் மூச்சு பைக்குள் வியர்த்துச் சொட்டாக இறங்கும். அந்தச் சொட்டுகளில் கனநீர் எந்த நாளில் வந்து, எவ்வளவு நீர்த்துப்போய் வந்தது என்று பார்த்தால் மரம் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் இழுக்கிறது என்று கணக்கு வந்துவிடும். ஒரு தைலமரத் தோப்பில் கண்டதை வைத்து எல்லா மரமும் தண்ணீர்த் திருடன் என்று சொல்வதும், எந்த மரத்தை நட்டாலும் நிலத்தடி நீர் ஏறும் என்று சொல்வதும் எனக்கு ஒரே மாதிரியான தவறாகத்தான் படுகின்றன. எந்த மரம், எந்த ஆழம், எந்த மாதம் என்று கேட்காமல் சொல்லும் பதில் இரண்டும்.

சரி, இந்த முறையில் குறை இல்லையா? இருக்கிறது. இயற்கையான முத்திரை எங்கிருந்து என்றுதான் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அதற்குக் கனநீர் ஊசியோ, அடிமரத்தில் சாறு ஓடும் வேகத்தை அளக்கும் கருவியோ கூடவே வேண்டும். இரண்டு வேறு ஆழங்களுக்கு ஒரே எண் அமைந்துவிட்டால் மரம் எதைக் குடித்தது என்று பிரிக்க முடியாது. இலையுதிர்த்த மரம் அடிமரத்திலேயே கொஞ்சம் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும், தளிர் விடும்போது முதலில் செலவாவது அதுவாகக்கூட இருக்கலாம். அதனால் பங்குனியில் ஒரு முறை குச்சி ஒடித்துவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது. இன்னொரு பெரிய சிக்கல் 2020இல் வெளிவந்தது. குச்சியைச் சூடாக்கித் தண்ணீரைப் பிரிக்கும் முறையிலேயே டியூட்டீரியத்தின் எண் உண்மையைவிடக் குறைந்து வருகிறது, மரக்கட்டையோடு அது இடம் மாறிக்கொள்வதால், என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். பழைய முடிவுகள் சிலவற்றை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. ஆக்சிஜன் எண்ணில் இந்தக் கோளாறு குறைவு. எனக்கு இதில் வருத்தமில்லை. தன் தராசையே நிறுத்துப் பார்க்கும் துறையை நம்பலாம்.

நம் ஊரில் இதைத் தொடங்க முதலில் வேண்டியது மரமே இல்லை, மழை. ஒரு வருட மழையின் முத்திரை கையில் இல்லாமல் குச்சியின் எண்ணை எதோடு பொருத்துவது? மழையைப் பிடிக்கப் பெரிய செலவில்லை. ஒரு கேன், அதன் வாயில் புனல், புனலிலிருந்து கேனின் அடிவரை போகும் மெல்லிய குழாய். பிடித்த தண்ணீர் மறுபடி ஆவியாகாமல் இருக்க மேலே ஒரு படலம் பாரஃபின் எண்ணெய். சர்வதேச அணுசக்தி முகமை 1961 முதல் உலகெங்கும் மாதாமாதம் மழை சேகரிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். மாதக் கடைசியில் எண்ணெய்க்கு அடியிலிருக்கும் தண்ணீரைச் சின்னக் குப்பியில் முட்ட முட்ட நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, தேதி எழுதி வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. பென்னாகரத்தில் ஒரு பள்ளிக்கூட மாடி, அஞ்செட்டியில் ஒன்று, சித்தேரி மலையில் ஒன்று கிடைத்தால் போதும். மாதம் ஒரு குப்பி என்று பன்னிரண்டு குப்பி. ஆசிரியர்களும் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை. அளக்கும் இயந்திரம் எங்கோ தூரத்தில் இருக்கட்டும், குப்பி காத்திருக்கும்.

எங்கள் மாடியில் கேன் வைத்தாயிற்று. கைப்பிடிச் சுவரோடு கம்பி வைத்துக் கட்டியிருக்கிறேன், குரங்குக்காக. கிணற்று மேட்டுப் புங்கனின் கிளையில் மாதம் ஒரு துண்டு எடுப்பது என்றும் முடிவு. போர் போடுவதைப் பெரியப்பா ஒரு வருடம் தள்ளி வைத்திருக்கிறார். முதல் குப்பி இந்தக் கோடை மழைக்கு.